சாலை சூட்டிய பெயர்கள்

அடுத்த முறை பேரங்காடிக்குப் போகும்போது பாலாடைக்கட்டிகள் அடுக்கியிருக்கும் பகுதியில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். ஒரு பொட்டலத்தில் ‘பார்மிஜானோ ரெஜ்ஜானோ’ என்று எழுதியிருக்கும். பார்மா, ரெஜ்ஜோ என்ற இரண்டு இத்தாலிய ஊர்கள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. பக்கத்து வரிசையில் கறுப்பு நிற பல்சாமிக் காடி. அதன் புட்டியில் மோடெனா. பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் போலோனேஸ் சாஸ், போலோனியாவின் பெயரைச் சுமக்கிறது. வானொலியில் விளையாட்டுச் செய்தி வாசிக்கும் எனக்கு இன்னும் இரண்டு பெயர்கள் பழக்கம். எஃப்1 ரசிகர்களுக்குத் தெரிந்த இமோலா, மோட்டோ ஜிபி ரசிகர்களுக்குத் தெரிந்த ரிமினி.

வரைபடத்தை விரித்து இந்த ஆறு ஊர்களையும் தேடிப் பாருங்கள். அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். அந்தக் கோடுதான் வயா எமிலியா. ரோமானியர் போட்ட சாலை. வயது 2,200 ஆண்டுகளுக்கும் மேல்.

சென்ற ஆண்டு விடுமுறையில் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனேன். அதற்குக் கார்கூடத் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்டவர்களும் ரோமானியரின் அதே கோட்டைத்தான் பின்பற்றினார்கள். உள்ளூர் ரயிலில் ஏறி ஏறி இறங்கினால் போதும்.

பாலத்தில் தொடங்கும் சாலை

கி.மு. 187இல் ரோமின் ஆட்சித் தலைவர்களாகிய இரண்டு கான்சல்களில் ஒருவராக இருந்தவர் மார்க்குஸ் எமிலியுஸ் லெப்பிடுஸ். அவர் போட்ட சாலை என்பதால் ‘எமிலியா’. கிழக்கே கடலோர ரிமினியில் தொடங்கி, வடமேற்கே போ ஆற்றங்கரையில் உள்ள பியாசென்சா வரை ஏறக்குறைய 260 கி.மீ. ஒரு பக்கம் அப்பெனைன் மலைத்தொடர், மறுபக்கம் போ ஆற்றுச் சமவெளி. இரண்டுக்கும் நடுவில் ஓடுகிறது சாலை.

ரிமினியில் ஐந்து வளைவுகள் கொண்ட வெள்ளைக் கல் பாலம் ஒன்று இருக்கிறது. பேரரசர் அகுஸ்துஸ் தொடங்கி, திபேரியுஸ் கி.பி. 21இல் முடித்தது. அதைக் கடந்தால் வயா எமிலியா தொடங்கிவிடும். இன்றும் மக்கள் அதன்மேல் சாதாரணமாக நடந்துபோகிறார்கள்.

சந்தையின் பெயர், சகுனத்தின் பெயர்

ரிமினியிலிருந்து புறப்பட்டால் சற்று நேரத்தில் ஃபோர்லிம்போப்போலி, அடுத்து ஃபோர்லி என்று நிலையங்கள் வரும். இரண்டிலும் ‘ஃபோர்’ என்ற தொடக்கம். அது ‘ஃபோரும்’ என்ற லத்தீன் சொல்லின் மிச்சம். சந்தை கூடும் இடம், வழக்கு தீர்க்கும் இடம் என்று பொருள். ‘போப்பிலியுஸின் சந்தை’ என்பது ஃபோர்லிம்போப்போலி. ‘லிவியுஸின் சந்தை’ என்பது ஃபோர்லி. நாம் கோலாலம்பூரைக் கே.எல். ஆக்கியதுபோல, வாய்கள் பெயரைத் தேய்த்துச் சுருக்கிவிட்டன.

எல்லாச் சந்தைக்காரருக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்கவில்லை. இமோலாவும் ஒரு காலத்தில் ‘கொர்னேலியுஸின் சந்தை’தான். பிறகு வந்த இமோலா என்ற பெயர் அதை முழுவதுமாக விழுங்கிவிட்டது.

வேறு சில ஊர்களுக்கு நல்ல சகுனம் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பியாசென்சாவின் பழைய பெயர் பிளாசென்தியா. ‘மனத்துக்கு உகந்தது’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. ஃபாயென்சாவின் பழைய பெயர் ஃபவென்தியா. அதில் இருப்பது ‘அருள், ஆதரவு’. அந்த ஊரின் மண்பாண்டங்கள் ஐரோப்பா முழுவதும் போனதால், மெருகிட்ட பீங்கானுக்கே ‘ஃபயான்ஸ்’ என்று பெயர் வந்தது.

காதுக்கு இனிமையான பெயர்கள்தான். ஆனால், அவை வைக்கப்பட்ட நேரம் இனிமையானது அல்ல. இந்தச் சமவெளியில் அதற்கு முன்பு வாழ்ந்தவர்கள் போயி எனப்பட்ட கெல்டிக் மக்கள். கி.மு. 191இல் ரோம் அவர்களைத் தோற்கடித்து, நிலத்தில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொண்டது என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதியிருக்கிறார். இரண்டே ஆண்டுகளில், எத்ருஸ்கர் காலத்தில் ஃபெல்சினா என்றிருந்த இடம் பொனோனியா என்ற பெயரில் ரோமின் குடியேற்றமானது. அதுதான் இன்றைய போலோனியா. அங்கே 3,000 பேர் குடியேற்றப்பட்டார்கள். கி.மு. 183இல் பார்மாவுக்கும் மோடெனாவுக்கும் தலா 2,000 பேர். சாலை போட்டது படைகள் வேகமாக நடக்க. ஊர்கள் அமைத்தது எடுத்த நிலம் கைவிட்டுப் போகாமலிருக்க.

தோற்றவர்களின் குரல் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினால், ஆறுகளில் கேட்கிறது. போலோனியாவை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் ரெனோ. ஜெர்மனியின் பேராறான ரைனுக்கும் இதற்கும் ஒரே கெல்டிக் வேர்ச்சொல். ஊர்ப் பெயரை வென்றவர்கள் மாற்றினார்கள். ஆற்றின் பெயரை அங்கே ஏற்கெனவே இருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

வயலுக்குள்ளும் ஒரு பெயர்

செசேனா, இமோலா பக்கம் வானிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்தால், வயல்கள் சதுரங்கப் பலகைபோல் இருக்கும். குடியேறியவர்களுக்குப் பங்கு பிரிக்க ரோமானிய அளவையாளர்கள் போட்ட கட்டங்கள் அவை. ஒரு பக்கம் சுமார் 710 மீட்டர், பரப்பு சுமார் 50 ஹெக்டர். வாய்க்கால்களும் வண்டிப் பாதைகளும் இன்றும் அந்தக் கோடுகளிலேயே செல்கின்றன.

இத்தாலியில் ‘ஆனோ’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள் பலவற்றின் கதையும் இதுதான். யாரோ ஒரு நிலக்காரரின் பெயரோடு அந்த ஒட்டு சேர்ந்தால் ‘இன்னாருடைய நிலம்’ என்று பொருள். சாலையோர ஊரான சவிஞ்ஞானோ, ‘சபினியுஸின் நிலம்’.

இதே சவிஞ்ஞானோவுக்கு 1933இல் ஒரு வால் முளைத்தது. கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் ரூபிக்கோன் ஆற்றைக் கடந்து உள்நாட்டுப் போரைத் தொடங்கினார் என்று படித்திருப்போம். எந்த ஆறு அந்த ரூபிக்கோன் என்று இந்த வட்டாரத்தில் நெடுங்காலமாக வாதம். மூன்று ஆறுகள் போட்டியில் இருந்தன. முசோலினி ஆட்சி ஃபியூமிச்சினோ ஆற்றைத் தேர்ந்தெடுத்து ரூபிக்கோன் என்று அறிவித்தது. ஊரும் ‘ரூபிக்கோன் மேலுள்ள சவிஞ்ஞானோ’ ஆனது. அதற்கு முன்பு 1927இல், ‘புனித தொன்னினோவின் ஊர்’ என்று பல நூற்றாண்டுகள் வழங்கிய இடத்தை அதே ஆட்சி ஃபிடென்சா ஆக்கியது. ரோமானியர் காலத்துப் பெயரான ஃபிதென்தியாவைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார்கள். தன்னை ரோமின் வாரிசு என்று காட்டிக்கொள்ள விரும்பிய அரசு, ஊர்ப் பெயர்ப் பலகையில் கை வைத்தது. அங்குள்ள பேராலயம் மட்டும் இன்றும் புனித தொன்னினோவின் பெயரில்தான் இருக்கிறது.

மாநிலத்துக்கே சாலையின் பெயர்

இந்த ஊர்கள் எல்லாம் இருக்கும் மாநிலத்தின் பெயர் எமிலியா ரோமாஞ்ஞா. முதல் பாதி, சாலையின் பெயர். இரண்டாம் பாதி ‘ரோமானியரின் நாடு’. மேற்கு ரோமானியப் பேரரசு விழுந்த பிறகு வடஇத்தாலியின் பெரும்பகுதியை லொம்பார்டு மக்கள் பிடித்தார்கள். ரவென்னாவைச் சுற்றிய பகுதி மட்டும் கிழக்கு ரோமானியப் பேரரசின் கையில் நீடித்தது. அதனால் அது ரோமாஞ்ஞா. அந்தப் பக்கம் லொம்பார்டி. ஒரு காலத்து எல்லைக்கோடு இரண்டு மாநிலங்களின் பெயரில் தங்கிவிட்டது.

மோடெனாவின் கடைவீதியில் நடந்தால், தெருப்பலகையில் இப்போதும் ‘வயா எமிலியா’ என்றே எழுதியிருக்கிறது. அதன்கீழே காப்பிக் கடை, காலணிக் கடை, மிதிவண்டியில் போகும் பாட்டிகள். யாரும் அதை வரலாற்றுச் சின்னம்போல் பார்ப்பதில்லை. அது அவர்களுடைய தெரு, அவ்வளவுதான்.

நம் வீட்டு வாசல் வரை

ரோமானியர் சாலையோரம் மைல்கற்கள் நட்டார்கள். ‘மைல்’ என்ற சொல்லே, ஆயிரம் தப்படி என்று பொருள்படும் ‘மில்லே பாஸுஸ்’ என்பதிலிருந்து வந்தது. அவர்களுடைய மைல் சுமார் 1,480 மீட்டர். கல்லின் எண்ணே ஊரின் பெயராகவும் ஆகியிருக்கிறது. மிலானுக்கு அருகில் செஸ்தோ என்றால் ‘ஆறாவது’. தூரினுக்கு அருகில் செத்திமோ என்றால் ‘ஏழாவது’.

இது எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா? ஆங்கிலேயர் அந்த மைலைத் தங்கள் அளவில் மலாயாவுக்குக் கொண்டுவந்து, சாலையோரம் கல் நட்டார்கள். மலாய்க்காரர்கள் அதைக் கல் என்ற பொருளில் ‘பத்து’ என்றார்கள். பத்து தீகா என்று நான் போக்குவரத்துச் செய்தியில் வாசிக்கும்போது அந்தப் ‘பத்து’ எண் அல்ல. தீகாதான் எண், மூன்று. நம் தோட்டத்து மக்கள் அதையே ‘கட்டை’ என்றார்கள். மூணாங்கட்டை, ஆறாங்கட்டை, பத்தாங்கட்டை. மைல் போய்க் கிலோமீட்டர் வந்து எத்தனையோ ஆண்டுகளாகியும், பெரியவர்கள் வழி சொன்னால் கட்டை கணக்கு வந்துவிடுகிறது.

லெப்பிடுஸைப் போலக் கல்லில் பெயர் வெட்டிவைக்க அவர்களிடம் ஆள் பலமோ அதிகாரமோ இருக்கவில்லை. அவர்கள் வைத்த பெயர்கள் பெரும்பாலும் பலகையில் ஏறவுமில்லை, வாயில்தான் இருக்கின்றன. இந்த ஞாயிறு வீட்டுப் பெரியவர் யாராவது அருகில் இருந்தால், அவர் பிறந்த இடம் எத்தனையாவது கட்டை, எந்த ஊரிலிருந்து எண்ணியது என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவும் செய்துகொள்ளுங்கள்.