வீச்சுக்கு ஏற்ற மட்டை எது? கோல்ப் 'டிரைவர்' வாங்குவோர் கவனத்துக்கு

'டிரைவர்' என்றதும் காரோட்டிதான் பலருக்கு நினைவு வரும். கோல்ப் மைதானத்தில் அது ஒரு மட்டையின் பெயர். ஆட்டக்காரர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அவற்றில் பந்தை அதிகத் தூரம் அனுப்புவது டிரைவர். விலையும் அதற்குத்தான் அதிகம். புதியது வாங்கப் பல பத்தாயிரம் ரூபாய் வேண்டும்.

1876-ல் தொடங்கிய கோல்ப் கிளப் உள்ள ஊர் பெங்களூர். இங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் இந்த ஆட்டத்துக்கு வருபவர்கள் உண்டு. டெலிவிஷனில் முன்னணி வீரர் கையில் பார்த்த மட்டையையே கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் பந்து பாதித் தூரத்தில் தரையைத் தொடுகிறது. அல்லது வலப்பக்கத்து மரங்களுக்குள் ஓடுகிறது. கோளாறு ஆட்டத்தில் மட்டும் இருப்பதில்லை. பல நேரங்களில் மட்டையும் வீச்சும் பொருந்துவதில்லை.

முதலில் வேகம்

அமெரிக்கத் தொழில்முறை வீரர்கள் டிரைவரை மணிக்கு 110 மைலுக்கு மேற்பட்ட வேகத்தில் வீசுகிறார்கள். பொழுதுபோக்குக்கு ஆடும் ஆண்களின் வேகம் சராசரியாக 90 மைலை ஒட்டியே இருக்கிறது. வயதானால் இன்னும் குறையும். இந்த வேகத்தை அளக்கக் கருவிகள் உள்ளன. கருவி இல்லாவிட்டாலும் ஓரளவு ஊகிக்கலாம். பந்து தரையில் உருளும் தூரத்தை விட்டுவிட்டு, காற்றில் 200 கஜம் போனால் வேகம் ஏறக்குறைய 90 மைல் என்று கொள்ளலாம்.

சாய்வு எவ்வளவு?

மட்டையின் முகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவுக்கு 'லாப்ட்' என்று பெயர். 9 டிகிரி மட்டை வேகமாக வீசுபவருக்கு உரியது. மெதுவாக வீசுபவர் அதை எடுத்தால் பந்து மேலே எழும்பாமல் சீக்கிரம் விழுந்துவிடும். 90 மைலை ஒட்டி வீசுபவருக்குப் பத்தரை முதல் 12 டிகிரி வரை பொருந்தும். 85-க்குக் கீழே இருப்பவர் 12 டிகிரி அல்லது அதற்கு மேல் பார்ப்பது நல்லது. சாய்வு கூடுதலான மட்டையைக் கௌரவக் குறைவாக எண்ணிப் பலர் தூரத்தை இழக்கிறார்கள்.

தண்டும் நீளமும்

மட்டையின் தண்டு எவ்வளவு வளையும் என்பதை எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்ற எழுத்துகளால் குறிக்கிறார்கள். எல் மிகவும் வளைவது, எக்ஸ் மிகவும் விறைப்பானது. இதற்குப் பொதுவான அளவுகோல் இல்லை. ஒரு கம்பெனியின் 'ஆர்' இன்னொரு கம்பெனியின் 'எஸ்' போல இருக்கலாம். ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல் அடித்துப் பார்க்க வேண்டும். மெதுவான வீச்சுக்கு விறைப்பான தண்டு சேர்ந்தால் பந்து தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போவது வழக்கம்.

விதிப்படி மட்டை 48 அங்குலம் வரை இருக்கலாம். உயர்மட்டப் போட்டிகளில் 46 அங்குலத்துக்கு மேல் கூடாதெனக் கட்டுப்படுத்த 2022 முதல் இடமுண்டு. நீளம் கூடினால் வேகம் சற்றுக் கூடும். ஆனால் பந்து மட்டையின் நடுவில் படுவது குறையும். நடுவில் படாத பந்து தூரமும் போகாது, நேராகவும் போகாது.

ஊர்க் காற்றின் வேலை

பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயரத்தில் உள்ளது. காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் 200 கஜம் போகும் பந்து இங்கே ஆறேழு கஜம் கூடுதலாகப் போகும். சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து புது மட்டை வாங்குபவர், அந்த ஆறேழு கஜத்தையும் மட்டையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. பழையதையும் புதியதையும் ஒரே மைதானத்தில், ஒரே நாளில் அடித்து ஒப்பிட வேண்டும்.

கை மாறும் மட்டைகள்

உறுப்பினர்கள் கழித்த மட்டைகள், அவர்களுடைய பையைச் சுமக்கும் 'கேடி' பையன்களுக்குப் போய்ச் சேர்வதுண்டு. இங்குதான் அதிகக் கவனம் தேவை. வயதானவருடைய வளையும் தண்டு, வேகமாக வீசும் 16 வயதுப் பையனுக்கு ஆகாது. மட்டைக்கு ஏற்றபடி அவன் வீச்சை மாற்றிக்கொள்வான். பின்னால் அந்தப் பழக்கத்தைத் திருத்துவது கடினம். பெங்களூரில் கர்நாடக கோல்ப் சங்க மைதானத்தில் கேடியாக இருந்து முன்னேறிய சி. முனியப்பா, 2009-ல் இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். அந்த வழியில் வர விரும்பும் பையனுக்கு மட்டை கொடுப்பவர்கள், தண்டையாவது அவனுக்குப் பொருத்தமாக மாற்றிக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

மட்டையின் முகத்தில் முகப் பவுடரை லேசாகப் பூசிப் பத்துப் பந்துகள் அடிக்க வேண்டும். தடம் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். தடங்கள் நடுவில் நெருங்கி விழும் மட்டையே அவரவருக்கு உரியது. ஒரே ஒரு பந்து மிக நீளமாகப் போனதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பத்தில் ஏழெட்டு நேராகப் போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

பிரபல கம்பெனிகளின் பெயரில் போலி மட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன. விலை மிகக் குறைவாக இருந்தால், வரிசை எண்ணைச் சரிபார்த்து, ரசீது பெற்ற பிறகே பணம் கொடுப்பது நல்லது.