தொற்று குறைந்ததாகக் காட்டிய வரைபடம்

2020 மே மாதம் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை ஒரு பட்டை வரைபடத்தை வெளியிட்டது. கொரோனா தொற்று அதிகமிருந்த ஐந்து கவுண்டிகளின் (மாவட்டம் போன்ற பகுதிகளின்) கணக்கு அது. பட்டைகள் இடமிருந்து வலமாகப் படிப்படியாக இறங்கின. பார்த்தவுடன் நிம்மதி வரும். ஆனால் அடியிலிருந்த தேதிகளைப் படித்தால் தலை சுற்றும்: ஏப்ரல் 28, அடுத்து 27, பிறகு 29, மே 1, மறுபடி ஏப்ரல் 30! நாள் வரிசையை விட்டுவிட்டு, எண்ணிக்கை மிகுந்த நாளை முதலில் வைத்து அடுக்கியிருந்தார்கள். அப்படி அடுக்கினால் எந்த நோயும் குறைவதாகத்தான் தெரியும்.

கண் ஏன் ஏமாறுகிறது? கிடை அச்சில் தேதி இருந்தால் காலம் இடமிருந்து வலமாக ஓடுகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். எழுத்தைப் படிக்கும் முன்பே சரிவைப் பார்த்துவிடுகிறோம்.

அந்தப் படத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. ஒவ்வொரு நாளுக்குள்ளும் கவுண்டிகளின் வரிசை மாறிக்கொண்டே இருந்தது. ஒரே கவுண்டியின் போக்கைத் தொடர்ந்து பார்க்க வழியே இல்லை.

கண்டனம் எழுந்ததும் படத்தைத் திருத்தினார்கள்; ஆளுநர் அலுவலகம் மன்னிப்பும் கேட்டது. தேதிகளைக் காலவரிசைப்படி வைத்தபோது சீரான படிக்கட்டு மறைந்து, ஏற்ற இறக்கம் வெளிப்பட்டது. என்னைக் கேட்டால், ஐந்து கவுண்டிகளுக்கும் தனித்தனிக் கோடு வரைவதே இன்னும் நேர்மையானது. கோடுகளில் கடைசி சில நாட்களின் பகுதியை மங்கலாகக் காட்டவும் வேண்டும். பரிசோதனை முடிவுகள் தாமதமாக வந்து சேர்வதால் அந்த எண்கள் பின்னர் உயரும்.