நூறு கிரெடிட்டும் ஒரு விண்கலமும்

ஆலங்குளத்தை அறிவீர்களா? தென்காசிப் பக்கத்திலும் ஓர் ஆலங்குளம் உண்டு. நாம் சொல்வது விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி வட்டாரத்தில் உள்ள ஆலங்குளம். சுண்ணாம்புக்கல் கிடைக்கும் ஊர். தமிழ்நாடு சிமெண்டுக் கழகத்தின் ஆலை அமைந்த ஊர்.

இங்கே ஒரு லாரி ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். "சிமெண்டு ஏற்றிக்கொண்டு போய் இறக்கியாயிற்று. திரும்பும்போது என்ன செய்வீர்கள்?" அவர் உடனே சொல்வார்: "ரிட்டர்ன் லோடு பிடிக்க வேண்டும்." காலி வண்டியாகத் திரும்பினால் டீசல் செலவு கையைக் கடிக்கும். போகும்போது ஒரு சரக்கு, வரும்போது வேறொரு சரக்கு. இதுதான் லாரித் தொழிலின் முதல் பாடம்.

இந்தப் பாடம் தெரிந்தவர், உலகப் புகழ்பெற்ற ஒரு விண்வெளி விளையாட்டில் பாதி வென்றவர் ஆவார். அந்த விளையாட்டின் பெயர் 'எலைட்'.

எலைட் பிறந்த கதை

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த டேவிட் பிரேபன், இயன் பெல் என்னும் இரு மாணவர்கள் இதை உருவாக்கினார்கள். 1984 செப்டம்பரில் ஆக்கார்ன்சாஃப்ட் நிறுவனம் வெளியிட்டது. முதலில் இது ஓடியது 'பிபிசி மைக்ரோ' என்னும் கணிப்பொறியில். அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் அதைப்போலப் பல மடங்கு இடம் பிடிக்கும்!

இன்னொரு செய்தி. 1984-85இல் இந்திய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிப் பள்ளிகளுக்குக் கணிப்பொறி வழங்கியது. முதலில் ஏறக்குறைய 250 பள்ளிகள். அவற்றுக்குக் கிடைத்ததும் இதே பிபிசி மைக்ரோதான்.

இன்று எலைட்டை ஆடிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, அதைப் பின்பற்றி எழுதப்பட்ட 'ஊலைட்' என்னும் விளையாட்டு இலவசமாகக் கிடைக்கிறது. நாம் இங்கே பழைய எலைட்டையே எடுத்துக்கொள்வோம்.

ஆட்டம் தொடங்கும்போது நீங்கள் 'லேவ்' என்னும் கோளின் விண்வெளி நிலையத்தில் இருக்கிறீர்கள். 'கோப்ரா மார்க் 3' என்னும் கலம் உங்களுடையது. 20 டன் சரக்கு ஏற்றலாம். ஒரு சாதாரண லேசர், 3 ஏவுகணைகள், 7 ஒளியாண்டு தொலைவு தாவ எரிபொருள், கையில் 100 கிரெடிட் பணம். அவ்வளவுதான். இன்னதைச் செய் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பிழைப்பதும் அழிவதும் உங்கள் கையில்.

வாங்குவதும் விற்பதும்

விருதுநகர்ச் சந்தையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது உண்டு. மிளகாயும் பருப்பும் எண்ணெயும் எங்கெங்கோ விளைந்தாலும், விலை பேசப்படுவது விருதுநகரில். எது எங்கே மலிவு, எங்கே கிராக்கி என்று அறிந்ததே அந்த வணிகர்களின் முதல். எலைட்டிலும் அப்படியே.

இதில் கோள்கள் இரு வகை: வேளாண் கோள்கள், தொழிற் கோள்கள். வேளாண் கோளில் உணவு மலிவு; கணிப்பொறி விலை அதிகம். தொழிற் கோளில் இதற்கு நேர்மாறு. லேவ் ஒரு வேளாண் கோள். அதற்கு அருகே உள்ள 'ஜான்ஸ்' ஒரு தொழிற் கோள்.

இப்போது கணக்குப் போடுவோம். லேவில் ஒரு டன் உணவு ஏறக்குறைய 4 கிரெடிட். ஜான்ஸில் ஏறக்குறைய 7. ஜான்ஸில் ஒரு டன் கணிப்பொறி ஏறக்குறைய 68, லேவில் 90. எரிபொருள் ஒளியாண்டுக்கு 2 கிரெடிட். ஒரு தடவை போக 10 என்று வைத்துக்கொள்வோம்.

லேவில் 16 டன் உணவு வாங்குங்கள். 64 செலவு, கையில் மீதி 36. ஜான்ஸில் விற்றால் 112 வரும். மொத்தம் 148. எரிபொருளுக்கு 10 போக 138. இதில் 2 டன் கணிப்பொறி வாங்கலாம். செலவு 136, மீதி 2. லேவுக்குத் திரும்பி விற்றால் 180. மொத்தம் 182. எரிபொருளுக்கு 10 போக 172 நிற்கும்.

ஒரு முறை போய் வந்ததில் 100 என்பது 172 ஆயிற்று! இரண்டாவது முறை 3 டன் கணிப்பொறி வாங்கலாம். முடிவில் கையில் 266. மூன்றாவது முறை 382. நான்காவது முறை 542. காகிதத்தில் நீங்களே போட்டுச் சரிபாருங்கள். ஒவ்வொரு முறையும் லாபம் முன்னைவிட வேகமாக வளர்வது ஏன்? லாபமே அடுத்த முறை முதலாக மாறுகிறது அல்லவா? கூட்டுவட்டியின் தத்துவமும் இதுதான்.

400 கிரெடிட் கொடுத்தால் சரக்கறையை 35 டன்னாகப் பெருக்கலாம். ஆனால் உள்ள பணத்தையெல்லாம் அதில் போட்டுவிட்டால், பெரிய அறை காலியாகக் கிடக்கும். சரக்குக்கும் எரிபொருளுக்கும் பணம் வைத்துக்கொண்டே கருவி வாங்க வேண்டும்.

விலைப் பட்டியலில் ஒரு பொறி

சந்தையில் மொத்தம் 17 பொருள்கள் இருக்கும். அவற்றுள் மூன்று தடை செய்யப்பட்டவை: போதைப் பொருள்கள், துப்பாக்கிகள், அடிமைகள். இவற்றை ஏற்றிக்கொண்டு நிலையத்தைவிட்டுப் புறப்பட்டால் உங்கள் பெயரில் குற்றம் பதிவாகும். காவல் கலங்கள் உங்களைச் சுடும். புதிதாக ஆடுகிறவர் அவற்றிடம் தப்புவது அரிது.

ஆனால் இதில் யோசிக்க வேண்டியது வேறொன்று. கணிப்பொறிக்கு 'ஒரு டன் உணவு' என்பதும் 'ஒரு டன் அடிமைகள்' என்பதும் ஒன்றுதான். இரண்டும் இரண்டு எண்கள். நம் மாவட்டத்திலேயே ஒரு காலத்தில் தீப்பெட்டித் தொழிலில் உங்கள் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் உழைத்தார்கள். குறைந்த கூலி என்று கணக்குப் புத்தகம் அதை லாபமாகத்தான் காட்டியது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் 14 வயது நிறையாதவர்களைத் தீப்பெட்டி, வெடித் தொழில்களில் அமர்த்துவதைத் தடை செய்தது. சிவகாசி வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பு வழங்கியது. கணக்கில் வராதது இல்லாதது ஆகிவிடாது. விளையாட்டில் கணக்குப் போடும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

வழியும் சண்டையும்

ஒவ்வொரு கோளுக்கும் ஓர் ஆட்சி உண்டு; மொத்தம் எட்டு வகை. ஆட்சியே இல்லாத கோளின் அருகே கொள்ளையர் மிகுதி. ஜான்ஸ் போன்ற ஒழுங்கான கோள்களில் குறைவு. புறப்படுவதற்கு முன் ஆட்சி என்ன என்று பாருங்கள். 'ரீட்குவாட்' என்னும் கோள் லேவிலிருந்து எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே ஆட்சி இல்லை. தொடக்கத்தில் அந்தப் பக்கம் தலை வைக்காதீர்கள்.

சண்டை வந்துவிட்டால்?

முதலாவது: திரையின் அடியிலுள்ள முட்டை வடிவ ரேடாரைப் படிக்கப் பழகுங்கள். எதிரிக் கலம் ஒரு புள்ளி. அதிலிருந்து ஒரு குச்சி இறங்கும் அல்லது ஏறும். புள்ளி மேலே, குச்சி கீழே என்றால் எதிரி உங்களுக்கு மேலே இருக்கிறான். தட்டையான திரையில் முப்பரிமாணத்தைக் காட்டிய அருமையான உத்தி இது.

இரண்டாவது: இந்தக் கலம் மாட்டுவண்டிபோல இடம் வலம் திரும்பாது. உருளும், மூக்கை மேலே கீழே அசைக்கும். எதிரி வலப்பக்கம் இருந்தால், அவன் தலைக்கு மேல் வரும்வரை உருளுங்கள். பிறகு மூக்கை உயர்த்துங்கள். இந்த ஒன்றைப் பழகினாலே போதும்; பாதிச் சண்டை முடிந்தது.

மூன்றாவது: லேசர் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்காதீர்கள். லேசர் சூடேறி நின்றுவிடும். அது ஆற்றலையும் குடிக்கும். உங்களைக் காக்கும் கவசத்துக்கும் அதே ஆற்றல்தான் வேண்டும். எதிரி குறுக்குக் கோட்டின் நடுவில் வந்தபோது மட்டும் விட்டு விட்டுச் சுடுங்கள்.

நான்காவது: ஓர் ஏவுகணை விலை 30 கிரெடிட். சின்னக் கலத்துக்கு அதை வீணாக்காதீர்கள். எதிரியின் ஏவுகணையை அழிக்கும் மின்னணுக் கருவி ஒன்று 600 கிரெடிட்டுக்குக் கிடைக்கும். வலிய லேசர் 1000 கிரெடிட். எதை முதலில் வாங்குவது? காக்கும் கருவியை முதலில், தாக்கும் கருவியைப் பிறகு.

ஐந்தாவது: ஆற்றல் நான்கு அடுக்குகளாகக் காட்டப்படும். ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை காத்திராதீர்கள். இரண்டு குறைந்ததுமே விலகுங்கள். வேறு கோளுக்குத் தாவ எரிபொருள் மீதி வைத்திருந்தால், 15-இலிருந்து எண்ணிக்கை இறங்கி முடிந்ததும் தப்பிவிடலாம். ஓடிப் பிழைத்தவன் மறுநாள் வணிகம் செய்வான்.

நிலையத்தில் நுழைவது

புதியவர்கள் கொள்ளையரிடம் அழிவதைவிட நிலையத்தில் மோதி அழிவதே அதிகம் எனலாம். நிலையம் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் வாசல் எப்போதும் கோளைப் பார்த்தபடி இருக்கும். ஆகவே முதலில் கோளுக்கும் நிலையத்துக்கும் நடுவே போங்கள். திரும்பி வாசலுக்கு நேராக நில்லுங்கள். வேகத்தைக் குறைத்து, நிலையம் சுழலும் அளவுக்கே நீங்களும் உருண்டபடி நுழையுங்கள். சேர்ந்ததும் ஆட்டத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால், அழியும்போது அதுவரை சம்பாதித்ததும் போகும்.

நிலையம் ஏன் சுழல வேண்டும்? நீர் நிறைந்த வாளியைத் தலைக்குமேல் வேகமாகச் சுழற்றினால் நீர் சிந்துவதில்லை அல்லவா? அதுபோலச் சுழலும் நிலையத்தின் வெளிச்சுவரில் மனிதர்கள் கால் ஊன்றி நிற்கலாம். செயற்கை ஈர்ப்பு! இந்நிலையத்துக்கு 'கொரியாலிஸ்' என்று பெயர். சுழலும் அமைப்புகளில் இயக்கத்தை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞரின் பெயர் அது.

உண்மையான விண்வெளியிலும் இணைப்பு கடினமானதே. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக் கோள்களை இந்தியா 2024 டிசம்பர் 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவியது. மெல்ல மெல்ல நெருங்கி, 2025 ஜனவரி 16 அன்று அவை ஒன்றோடொன்று இணைந்தன. இதைச் சாதித்த நான்காவது நாடு இந்தியா.

எது விஞ்ஞானம், எது கற்பனை?

சிவகாசி ராக்கெட் வாணத்தைக் கவனியுங்கள். எரிந்த வாயு கீழே பீறிடுகிறது. வாணம் மேலே பாய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. மருந்து தீர்ந்ததும் காற்றின் தடையும் பூமியின் ஈர்ப்பும் அதை மெதுவாக்கி வீழ்த்துகின்றன. காற்றில்லாத, கோள்களுக்கு எட்டாத வெளியில் என்ன ஆகும்? மருந்து தீர்ந்தாலும் வாணம் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். இது முதல் விதி.

எலைட்டில் இப்படி இல்லை. விசையைக் குறைத்தால் கலம் மெதுவாகிறது. மூக்கைத் திருப்பினால் பாதையும் திரும்புகிறது. ஆட எளிது, ஆனால் இயற்பியல் அல்ல. 1993-இல் வந்த அடுத்த பகுதியில் கலங்கள் நியூட்டன் விதிப்படி ஓடின. சண்டை போடுவது எவ்வளவு கடினம் என்று ஆடியவர்கள் அப்போது கண்டுகொண்டார்கள். வெடிச் சத்தமும் கற்பனையே. வெற்றிடத்தில் ஒலி பரவாது.

நீங்களும் ஓர் அண்டம் படைக்கலாம்

எலைட்டில் 8 அண்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 விண்மீன்கள், மொத்தம் 2048. 32 கிலோபைட்டில் இத்தனையும் எப்படி அடங்கின? அவற்றைச் சேமித்து வைக்கவே இல்லை! மூன்று எண்களில் தொடங்கி, மூன்றையும் கூட்டி அடுத்த எண்ணைப் பெறுவார்கள். கூட்டுத்தொகை ஓர் எல்லையைத் தாண்டினால் மேலே உள்ள பகுதியை விட்டுவிடுவார்கள். அந்த எண்களிலிருந்தே கோளின் பெயர், ஆட்சி, தொழில், விலை எல்லாம் பிறக்கும். ஒவ்வொரு முறையும் அதே எண்கள். ஆகவே அதே கோள்கள்.

செய்து பாருங்கள். 5, 2, 7 என்று தொடங்குங்கள். கடைசி மூன்றையும் கூட்டி, ஒன்றாம் இடத்து இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். 5, 2, 7, 4, 3, 4, 1, 8, 3 என்று வரும். இனி ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஓர் எழுத்து: 0-ம, 1-லா, 2-ரி, 3-கோ, 4-நா, 5-வே, 6-டு, 7-தி, 8-சா, 9-பூ. மும்மூன்றாகப் பிரித்தால் வேரிதி, நாகோநா, லாசாகோ என்று மூன்று கோள்கள்! முதல் இலக்கம் இரட்டை எண் என்றால் வேளாண் கோள். ஒற்றை எண் என்றால் தொழிற் கோள். வேரிதியில் கணிப்பொறி மலிவு. நாகோநாவில் உணவு மலிவு.

விலைகளை நீங்களே வகுத்து, ஆளுக்கு நூறு கிரெடிட் கொடுத்து, வகுப்பில் வணிகம் செய்யுங்கள். கணிப்பொறி தேவையில்லை, ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எலைட்டை எழுதியவர்களும் மாணவர்கள்தாம்.