ஒரே பெயரில் இரண்டு பாதைகள்

வாப்பாவின் சில்லறைக் கடையில் ஒரு கடன் கொப்பி இருந்தது. ஆளுக்கொரு பக்கம், பக்கத்தின் தலைப்பில் பெயர். ஊரில் இஸ்மாயில்மார் நாலு பேர். ஒருநாள் ஒரு இஸ்மாயில் வாங்கிய அரிசி இன்னொரு இஸ்மாயிலின் கணக்கில் ஏறிவிட்டது. "பேரை மட்டும் வெச்சி ஆளைப் புடிக்க ஏலா மகன்" என்றார் வாப்பா. அதன்பின் கொப்பியில் 'கிணத்தடி இஸ்மாயில்', 'மில்லடி இஸ்மாயில்' என்று எழுதப்பட்டது.

பின்னாளில் வலையமைப்பு முகாமைத்துவத்தில் வேலை செய்தபோது அதே சிக்கலைக் கண்டேன்.

ரவுட்டர் என்பது சந்தியில் நிற்கும் வழிகாட்டி. வரும் தரவுப் பொதியை எந்தப் பக்கம் அனுப்புவது என்று ஓர் அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்கும். அந்த அட்டவணையை நிரப்புவது ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. போன்ற வழிப்படுத்தல் நெறிமுறைகள். 'அந்த இடத்துக்கு என் வழியாகப் போகலாம்' என்று ரவுட்டர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் முறை அது. இந்தத் தகவலைத் தூரத்திலிருந்து ஒரு மென்பொருள் வாசிக்க வேண்டும். ஒவ்வொரு கொம்பனியும் தன்பாட்டுக்கு எழுதி வைத்தால் வாசிக்க ஏலாது. ஆகவே எந்தத் தகவல், என்ன பெயரில், எந்த வடிவில் என்று பொதுவான மாதிரி ஒன்று தேவை. எஸ்.என்.எம்.பி. என்ற முகாமைத்துவ நெறிமுறையில் இதை 'மிப்' என்பார்கள்.

1991இல் வெளியான 'மிப்-2'இல் பாதை அட்டவணை ஒன்று இருந்தது. ஒரு வரியை மற்றதிலிருந்து பிரிக்கும் அடையாளம், போய்ச்சேரும் முகவரி மட்டுமே. ஒரே இடத்துக்கு இரண்டு பாதைகள் இருந்தால் இரண்டாவதை எழுத அதில் இடமே இல்லை.

இது எனக்குப் பாடமாக வந்தது. நான் வேலை செய்த ஓரிடத்தில் கிளை அலுவலகம் ஒன்றுக்கு இரண்டு இணைப்புகள் இருந்தன. எங்கள் கண்காணிப்புத் திரையோ அந்தப் பழைய அட்டவணையைத்தான் வாசித்தது. எப்போதும் ஒரே பாதையைக் காட்டியது. மற்றப் பாதை அறுந்தபோதும் திரையில் மாற்றமில்லை. காட்டிய பாதையும் அறுந்த அன்றுதான், எங்களிடம் மாற்றுவழி எப்போதோ இல்லாமல் போயிருந்தது தெரிந்தது. திரை பொய் சொல்லவில்லை. அதைச் சொல்ல அதற்கு வார்த்தை இருக்கவில்லை.

பிழை சீக்கிரமே திருத்தப்பட்டிருந்தது. நாங்கள்தான் பழையதில் தங்கிவிட்டோம். 1992இல் வந்த புதிய அட்டவணை, முகவரியோடு பாதையைச் சொன்ன நெறிமுறையையும் அடுத்த ரவுட்டரையும் அடையாளத்தில் சேர்த்தது. ஆனால் ஒரே முகவரியில் தொடங்கும் பெரிய வலையமைப்பும் சிறிய வலையமைப்பும் இன்னும் குழம்பின. 1997இன் அட்டவணை அளவைக் காட்டும் 'மாஸ்க்'கையும் சேர்த்தது. 2006இல் ஐ.பி.வி.6 முகவரிகளுக்கும் இடம் கிடைத்தது.

இன்று 'யாங்' என்ற மாதிரி மொழி பாவனையில் உள்ளது. 2018இல் வெளியான அதன் வழிப்படுத்தல் மாதிரியில் ஒவ்வொரு நெறிமுறையும் வகை, பெயர் என்ற இரண்டாலும் அடையாளம் காணப்படும். ஒரே ரவுட்டரில் இரண்டு ஓ.எஸ்.பி.எஃப். ஓடினாலும் குழம்பாது. ஒரு பாதைக்குள்ளேயே பல அடுத்த ரவுட்டர்களை எழுதலாம். பாதையைச் சொன்னது எந்த நெறிமுறை, அது இப்போது பாவிக்கப்படுகிறதா, கடைசியாக எப்போது மாறியது என்பதற்கும் இடமுண்டு.

சொன்னவர் யார் என்பதையும் சேர்த்துப் பதிவது நமக்குப் புதிதல்ல. ஹதீஸ் கலையில் அது ஸனத். ஒரே பெயருடைய அறிவிப்பாளர்களைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே ஹதீப் அல்-பக்தாதி 11ஆம் நூற்றாண்டில் தனி நூல் எழுதினார்.

இப்போது எந்தத் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரிந்தாலும் முதலில் ஒன்றைத்தான் கேட்கிறேன்: இது எதை வைத்து ஆளைப் பிடிக்கிறது?