மக்காச்சோள அறுவடைக் காலம்

மக்காச்சோள அறுவடைக் காலம் என்பது கதிர் முதிர்ந்த பின் மணியின் ஈரப்பதம் அறுவடைக்கு ஏற்ற அளவுக்குக் குறையும் காலப்பகுதியாகும். விளைச்சலும் மணியின் தரமும் இதனைப் பொறுத்து அமைகின்றன. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் மிகுதியாகப் பயிராகும் மாவட்டங்களுள் பெரம்பலூர் முதன்மையானது. அண்டை மாவட்டமான அரியலூரிலும் இது பயிரிடப்படுகிறது.

முதிர்ச்சி

மணியின் அடிநுனியில் கறுப்பு அடுக்குத் தோன்றுவது முழு முதிர்ச்சியின் அடையாளமாகும். அப்போது ஈரப்பதம் ஏறத்தாழ 30 முதல் 35 விழுக்காடு இருக்கும். அதன்பின் மணியின் உலர் எடை கூடுவதில்லை. ஈரம் மட்டுமே குறைகிறது.

முந்துதலும் பிந்துதலும்

முதிருமுன் அறுத்தால் மணிகள் சுருங்கி எடை குறையும். ஈரம் மிகுந்த மணிகள் கதிரடிக்கும்போது நசுங்கும். பிந்தினால் தட்டைகள் சாயும். பறவைகளாலும் வண்டுகளாலும் இழப்பு நேரும்.

மழையும் பூஞ்சையும்

இம்மாவட்டங்களில் புரட்டாசியில் விதைத்த மானாவாரிப் பயிர் பெரும்பாலும் தை மாதத்தில் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழை நீடித்தால் முற்றிய கதிர்கள் நனைந்து முளைவிடும். 2021 சனவரியில் பெய்த பருவம் தவறிய மழையால் தமிழகத்தில் அறுவடைக்கு நின்ற பயிர்கள் பெருமளவில் சேதமடைந்தன.

ஈர மணிகளில் வளரும் அஸ்பெர்ஜிலஸ் பூஞ்சை, கல்லீரலைத் தாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகிறது. பின்னர் உலர்த்தினாலும் இந்நஞ்சு நீங்காது. மக்காச்சோளம் கோழித் தீவனத்தின் முதன்மை மூலப்பொருள் என்பதால், பூஞ்சை பிடித்த மணி விலை இழக்கிறது.

எனவே கறுப்பு அடுக்குத் தோன்றியபின் மழை நெருங்கினால், காத்திராமல் அறுத்து, களத்தில் 12 விழுக்காடு ஈரப்பதம் வரை உலர்த்திச் சேமிப்பது நன்று.