போனில் உள்ள படம் மடிக்கணினிக்கு வரலையா?

குழுவின் தீர்மான நோட்டைப் போனில் படம் எடுத்தாச்சு. அதைக் கடன் மனுவோடு சேர்த்து நாளைக்குத் திருச்சி வங்கியில் கொடுக்கணும். ஸ்ரீரங்கம் பக்கத்துக் கிராமத்தில் நெட் கிடைக்கலை. என்ன செய்வது? கவலை வேண்டாம், புளூடூத்துக்கு நெட் தேவையில்லை.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல மடிக்கணினிகளில், விண்டோஸுடன் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸும்’ இருந்தது. அதில் செய்யும் முறை:

1. போன், மடிக்கணினி இரண்டிலும் புளூடூத்தை ஆன் செய்து, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.
2. இரண்டு திரையிலும் ஒரே எண் தெரிந்தால் மட்டும் சம்மதம் கொடுங்கள்.
3. போனில் படத்தைத் திறந்து ‘ஷேர்’, பிறகு ‘புளூடூத்’ தொடுங்கள். மடிக்கணினியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

படம் போகலையா? ‘க்னோம்’ திரை உள்ள லினக்ஸில், புளூடூத் செட்டிங்ஸ் பக்கம் திறந்திருந்தால்தான் படம் வரும். அதை மூடிடாதீங்க. விமான முறை ஆன் ஆகியிருக்கான்னும் பாருங்க. அப்பவும் வரலைன்னா, இரண்டிலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டு மறுபடி இணையுங்கள். வந்த படம் ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் இருக்கும்.

வேலை முடிந்ததும் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். தெரியாத போன் இணைப்புக் கேட்டால் சம்மதிக்காதீங்க. போனில் இருப்பது நம் குழுவின் கணக்கு!