1729 போடும் பகா எண் வேஷம்

1729 என்றதும் ராமானுஜன்தான் நினைவுக்கு வருவார். இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் அது. அதே எண்ணுக்கு அதிகம் பேசப்படாத இன்னொரு குணமும் உண்டு: பகா எண் மாதிரி வேஷம் போட்டுக் கணிதச் சோதனையை ஏமாற்றிவிடும்.

ஒரு பெரிய எண் பகா எண்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சிறிய எண்களால் ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கலாம். 300 இலக்க எண்ணுக்கு அது நடக்கிற காரியமில்லை. இணையத்தில் தகவலைப் பூட்டும் ஆர்.எஸ்.ஏ. முறைக்கோ அத்தனை பெரிய பகா எண்கள்தான் வேண்டும்.

கணிதவியலாளர் ஃபெர்மா 17-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வழி சொன்னார். 7 பகா எண்; 2-இன் 6-ஆம் அடுக்கு 64; அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. 2-ஐ விடப் பெரிய எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி வகுத்தால் மீதி 1-தான். 91-ஐச் சோதிப்போம். 2-இன் 90-ஆம் அடுக்கை 91-ஆல் வகுத்தால் மீதி 64. ஆகவே 91 பகா எண் இல்லை. 7 × 13 என்று பிரிக்காமலேயே அது தெரிந்துவிட்டது.

1729-இடம் இந்த வித்தை பலிக்காது. 2-இன் 1728-ஆம் அடுக்கு மீதி 1 தருகிறது. 2-க்குப் பதில் 3, 5 என்று மாற்றினாலும் அதே 1. ஆனால் 1729 என்பது 7 × 13 × 19. இப்படி ஏமாற்றும் எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். அவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் நிரூபித்தார்கள்.

ஏமாறாத சோதனை ஒன்று பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது: ஓரங்களில் 1 வைத்து, மேல் வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டிக் கீழே எழுதிக்கொண்டே போகும் முக்கோணம் அது. அதன் 7-ஆம் வரிசை 1, 7, 21, 35, 35, 21, 7, 1. ஓரங்களில் உள்ள 1-களை விட்டால் எல்லாமே 7-ஆல் வகுபடும். 6-ஆம் வரிசையில் 15 வகுபடாது. பகா எண்ணின் வரிசை மட்டுமே இதில் தேறும், 1729 தேறாது. சிக்கல், 300 இலக்க எண்ணின் வரிசையை யாராலும் எழுதி முடிக்க முடியாது.

அதற்குக் குறுக்குவழி கண்டவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும். 2002 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட முறை வரிசை முழுவதையும் எழுதாமல், சுருக்கிய வடிவில் மீதிகளை ஒப்பிட்டு, விரைவாகவும் சந்தேகத்துக்கு இடமின்றியும் விடை சொல்கிறது. அதற்காக 2006-இல் அவர்களுக்குக் கோடல் பரிசு கிடைத்தது.

அகர்வால் 1993 முதல் 1995 வரை சென்னையில் ஆய்வாளராக இருந்தார். கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்ரி 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையில் தொடங்கிய கணிதப் பிரிவில்தான் அவர் பணியாற்றினார். அந்தப் பிரிவே வளர்ந்து சென்னை கணிதவியல் கழகமாகி, 2005-இல் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்காவுக்குக் குடிபோனது. சுற்றிலும் உள்ள மென்பொருள் நிறுவனங்கள் அன்றாடம் நம்பியிருக்கும் எண் கோட்பாடு, அந்த வளாகத்து வகுப்பறைகளில் பாடமாக நடக்கிறது.

நடைமுறையில் இன்றும் மில்லர்-ராபின் என்ற இன்னும் வேகமான சோதனைதான் அதிகம் பயன்படுகிறது. அதில் தவறு நேரும் வாய்ப்பு மிக மிகச் சிறியது. ஓர் எண் பகா எண் இல்லை, பகு எண்தான் என்று தெரிந்த பிறகு அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. 250 இலக்க எண் ஒன்றை 2020-இல் உடைத்தபோது, ஒற்றை ப்ராசஸர் கோர் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் செய்யக்கூடிய வேலை செலவானது. ஆர்.எஸ்.ஏ. சவாலாக அறிவிக்கப்பட்ட 617 இலக்க எண்ணை இதுவரை யாரும் உடைக்கவில்லை.